திறந்த மூலத் திட்டங்களில் பேட்ச்சும் பாதுகாப்புப் புகாரும்: ஓர் அறிமுகம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், இணையத்தில் தரவைப் பரிமாறும் கர்ல், இணைப்புகளைக் குறியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற மென்பொருள்களின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். தம் கணினியில் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். திறந்த மூல உரிமங்கள் தருவது இவ்வளவுதான். மூலநிரலை வைத்திருக்கும் திட்டத்தின் பொதுக் களஞ்சியத்தில் எழுதும் உரிமையை எந்த உரிமமும் எவருக்கும் தருவதில்லை. ஒருவர் செய்த மாற்றம் அங்கே சேர வேண்டுமானால், அந்த நிரலைப் பராமரிப்பவர்கள் அதைப் படித்து, ஐயங்களைக் கேட்டு, விடைகளில் நிறைவடைந்து, தங்கள் பெயரையும் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

வெளியிலிருந்து ஒரு திட்டத்துக்கு வந்து சேருபவற்றில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, நிரலைத் திருத்தும் பேட்ச். மற்றொன்று, நிரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்ற புகார். முதலாவது தொடக்கம் முதல் முடிவு வரை எல்லோரும் பார்க்கப் பொதுவில் நடக்கிறது. இரண்டாவது சில நாட்களுக்கு, சில வேளைகளில் சில வாரங்களுக்கு, மிகச் சிலருக்குள் மட்டும் நடந்து, பிறகு முழுவதுமாக வெளியே வருகிறது. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்யும் திட்டங்கள் இந்த ஒன்றில் மட்டும் ஏன் மறைவை நாடுகின்றன, அந்த மறைவுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் காலவரம்பு வைக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால், இந்த நடைமுறைகளின் பெரும்பகுதி தானாகவே புரிந்துவிடும். அதற்கு முதலில் பேட்ச் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும்.

பேட்ச் என்பது ஒரு கோப்பின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும் உரைத்துண்டு. நீக்கப்படும் வரிக்கு முன்னால் கழித்தல் குறியும், சேர்க்கப்படும் வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் இருக்கும். இடத்தை அடையாளம் காட்டுவதற்காக அவற்றுக்கு மேலும் கீழும் மாறாத சில வரிகள் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுத் தரும் டிஃப் என்ற கருவி 1970களில் யூனிக்ஸுடன் வந்தது. அந்த வேறுபாட்டை வாங்கி இன்னொருவரின் நகலில் பொருத்தும் பேட்ச் என்ற கருவியை லாரி வால் 1985இல் வெளியிட்டார். சூழ்ந்துள்ள வரிகளும் பேட்ச்சுக்குள் இருப்பதால், பெறுபவரின் நகலில் வரி எண்கள் சற்று இடம் மாறியிருந்தாலும் கருவி சரியான இடத்தைக் கண்டுகொள்ளும். கருவிகளுக்குப் பயன்படுவது ஒருபுறமிருக்க, பேட்ச்சின் பெரிய பயன் அதை ஒரு மனிதர் படிக்க முடியும் என்பதே. பத்தாயிரம் வரிகள் கொண்ட கோப்பில் எந்த நான்கு வரிகள் மாறின என்பது பக்கத்திலேயே எழுதிக் காட்டப்பட்டிருப்பதால், அந்த நான்கு வரிகளைப் பற்றி மட்டும் விவாதிக்க முடிகிறது.

திட்டத்துக்குத் திட்டம் பேட்ச் அனுப்பும் வழி மாறுபடும். கர்ல் போன்ற பல திட்டங்கள் மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம்) என்ற வடிவில் அதைப் பெறுகின்றன. லினக்ஸ் கெர்னல் இன்றும் மின்னஞ்சல் வழியாகவே பெறுகிறது. பார்ப்பதற்கு வேறு வேறாகத் தோன்றினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான் என்பதால், விதிகளை மிக விரிவாக எழுதி வைத்திருக்கும் கெர்னலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கெர்னலுக்கு ஒரு பேட்ச் செல்லும் பாதை

ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேருகின்றன. இவ்வளவையும் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒருவரே வரி வரியாகப் படிப்பது இயலாத காரியம். எனவே வேலை படிநிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வலையமைப்பு, கோப்பு முறைமை, நினைவக மேலாண்மை, ஒவ்வொரு வகை வன்பொருளுக்குமான டிரைவர்கள் என்று பகுதி பகுதியாகப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் கோப்பு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது மெயின்டெய்னர்ஸ் என்ற பெயருள்ள ஒரு கோப்பில் எழுதப்பட்டு, மூலநிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. பேட்ச்சைக் கொடுத்தால் அதை யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு நிரலும், பேட்ச்சின் நடை கெர்னலின் எழுத்து மரபுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் செக்பேட்ச் என்ற நிரலும் உடன் கிடைக்கின்றன. முதன்முறை அனுப்புபவர் இவ்விரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பினால், படிப்பவரின் நேரத்தை அவர் மதிக்கவில்லை என்றே கொள்ளப்படும்.

ஒரு பேட்ச் ஒரேயொரு மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும் என்பது முதல் விதி. வழுவைத் திருத்துவதும், கூடவே இடைவெளிகளைச் சீராக்குவதும், ஒரு மாறியின் பெயரை மாற்றுவதும் ஒரே பேட்ச்சில் கலந்திருந்தால் அது திருப்பி அனுப்பப்படும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கலந்து வந்ததைப் படிப்பவரால் எந்த வரி எதற்காக மாறியது என்று பிரித்தறிய முடியாது என்பது ஒன்று. மற்றொன்று, பின்னாளில் ஏதேனும் பழுதாகும்போது தெரியவருவது. முந்தைய வெளியீட்டில் ஒழுங்காக இயங்கிய ஒன்று புதியதில் இயங்கவில்லையென்றால், இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக்கொண்டே போகும் பைசெக்ட் என்ற வசதி, மாற்றங்களின் வரலாற்றைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் இருக்கிறது. பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு சோதனைகளுக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். பிடிபட்ட மாற்றம் சிறியதாக இருந்தால்தான் அதை அப்படியே விலக்கவோ திருத்தவோ முடியும். ஒரு தொடராகப் பல பேட்ச்கள் அனுப்பும்போது, ஒவ்வொன்றையும் பொருத்திய பின்னரும் கெர்னல் பழுதின்றிக் கம்பைல் ஆக வேண்டும் என்று கேட்பதும் இதற்காகவே.

பேட்ச்சோடு வரும் விளக்கக் குறிப்பு நிரலைவிட முக்கியமானது என்பது என் கருத்து. என்ன மாற்றப்பட்டது என்பதைக் கூட்டல் கழித்தல் குறிகளே சொல்லிவிடும். ஏன் மாற்ற வேண்டியிருந்தது, பயனர் எந்தத் தொல்லையைச் சந்தித்தார், வேறு வழிகள் இருந்தும் இது ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பவற்றை எழுதியவர் மட்டுமே சொல்ல முடியும். வேகம் கூடுகிறது என்று சொன்னால் அளந்த எண்ணைத் தர வேண்டும். பழைய மாற்றம் ஒன்றால் உண்டான வழுவென்றால், அந்த மாற்றத்தின் அடையாளக் குறியின் முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் ஃபிக்ஸஸ் என்று தொடங்கும் வரியில் குறிப்பிட வேண்டும். எழுதியவர் திட்டத்தை விட்டுப் போய் ஆண்டுகள் கடந்த பிறகும், அந்த வரிகளைத் தொட வேண்டிய ஒருவருக்குத் துணையாக நிற்பது இந்தக் குறிப்பு மட்டும்தான்.

பேட்ச் சாதாரண உரையாக, இணைப்பாக அல்லாமல் மின்னஞ்சலின் உடலிலேயே இருக்க வேண்டும். இது பழமைப் பிடிவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மறுஆய்வு செய்பவர் பேட்ச்சின் குறிப்பிட்ட வரியை மேற்கோளாக எடுத்து, அதற்கு நேர் கீழே தம் ஐயத்தை எழுதுவதற்கு இதுவே வசதி. ‘இந்தச் சுட்டி இங்கே வெறுமையாக இருக்க வாய்ப்புண்டே’ என்று ஒருவர் கேட்பார்; ‘இந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போது தூங்கக்கூடிய சார்பை (ஃபங்ஷனை) அழைக்கலாகாது’ என்று இன்னொருவர் சுட்டுவார். ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லிவிட்டு, வேண்டிய திருத்தங்களைச் செய்து, இரண்டாம் பதிப்பு என்று தலைப்பில் குறித்து மீண்டும் அனுப்ப வேண்டும். முந்தைய பதிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதை, நிரந்தரப் பதிவில் சேராத வகையில், விளக்கக் குறிப்பின் முடிவைக் காட்டும் பிரிகோட்டுக்குக் கீழே எழுத வேண்டும். ஐந்தாறு பதிப்புகள் ஆவது வழக்கமே. அதைத் தோல்வியாக எவரும் கருதுவதில்லை. விடையே வராவிட்டால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்துவிட்டுத்தான் நினைவூட்ட வேண்டும்.

ஏற்கப்படும் பேட்ச்சின் அடியில் சில பெயர் வரிகள் சேர்ந்திருக்கும். படித்து ஒப்பியவர், சோதித்துப் பார்த்தவர், வழுவைத் தெரிவித்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. அவற்றில் தவிர்க்கவே முடியாதது சைன்ட்-ஆஃப்-பை என்ற வரி. எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் புகுத்தப்பட்டிருக்கிறது என்று கூறி 2003இல் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. அதையடுத்து, ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடயம் வேண்டும் என்று 2004இல் இந்த வழக்கம் கொண்டுவரப்பட்டது. இந்த வரியைச் சேர்ப்பவர், இந்நிரலைத் தாமே எழுதியதாகவோ, இந்த உரிமத்தின்கீழ் கொடுக்கும் உரிமை தமக்கு இருப்பதாகவோ உறுதி கூறுகிறார். எழுதியவரிடமிருந்து பேட்ச்சைப் பெற்று மேலே அனுப்பும் ஒவ்வொரு பராமரிப்பாளரும் தம் வரியையும் சேர்ப்பதால், அது கடந்து வந்த கைகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். அநாமதேயமாக வரும் பேட்ச்கள் ஏற்கப்படுவதில்லை.

பகுதிப் பராமரிப்பாளர் ஏற்ற பேட்ச் முதலில் அவருடைய களஞ்சியத்தில் சேர்ந்து, மற்ற பகுதிகளின் மாற்றங்களோடு மோதுகிறதா என்று பார்ப்பதற்காக லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற கூட்டுக் களத்துக்குப் போகிறது. முந்தைய கெர்னல் வெளிவந்தவுடன் இரண்டு வாரங்கள் சேர்ப்புக் காலம். அப்போது டோர்வால்ட்ஸ் பகுதிப் பராமரிப்பாளர்களிடமிருந்து தொகுப்புகளாக வாங்கிச் சேர்க்கிறார். அதன் பிறகு ஆறு அல்லது ஏழு வாரங்களுக்குத் திருத்தங்கள் மட்டுமே. ஏற்கெனவே பயன்பாட்டிலுள்ள நிலைத்த வெளியீடுகளுக்கும் ஒரு திருத்தம் தேவையென்றால், அது முதலில் முதன்மைக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும், சூழ்வரிகள் உட்பட 100 வரிகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும், உண்மையில் ஒருவரைப் பாதிக்கும் வழுவைத் திருத்துவதாக இருக்க வேண்டும் என்ற விதிகள் உண்டு.

நம்பிக்கை எங்கே முறிகிறது

இவ்வளவு கண்கள் பார்த்தும் தவறுகள் நுழைகின்றன. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் (கெர்னலோடு பிற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பில்), சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை தந்தது என்பதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் சில வரிகள் நீக்கப்பட்டன. தற்செயல் எண்களை உருவாக்கத் தேவையான மூலப்பொருளைச் சேர்த்த வரிகளும் அவற்றுடன் போய்விட்டன. மிஞ்சியது, இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் செயல்முறை எண் மட்டுமே. ஆகவே ஒரு வகைக் கணினியில் ஒரு குறிப்பிட்ட அளவுக் குறியாக்கச் சாவிக்கு 32,768 சாத்தியங்களே இருந்தன. 2008 மே மாதத்தில்தான் இது வெளியே தெரிந்தது. நீக்கியவர் அந்த வரிகளைப் பற்றி ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலர்களிடம் கேட்கத்தான் செய்தார். ஆனால் முழுப் பேட்ச்சாக, விளக்கக் குறிப்போடு, மூலத் திட்டத்தின் மறுஆய்வுக்கு அது போகவில்லை. ஒரு வழங்கல் தன்னளவில் செய்யும் திருத்தங்களையும் மூலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இன்று அழுத்திச் சொல்லப்படுவதற்கு இந்த நிகழ்வு நல்ல சான்று.

வேண்டுமென்றே கெட்ட பேட்ச் அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்க்க மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் முயன்றார்கள். பராமரிப்பாளர்களிடம் முன்னனுமதி பெறாமல், குறையுள்ள திருத்தங்களைப் பொய்ப் பெயர்களில் கெர்னலுக்கு அனுப்பினார்கள். 2021 ஏப்ரலில் கெர்னலின் நிலைத்த வெளியீடுகளைப் பராமரிக்கும் கிரெக் குரோ-ஹார்ட்மன் அப்பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அங்கிருந்து முன்பு வந்திருந்த நூற்றுக்கணக்கான பேட்ச்களைத் தன்னார்வலர்கள் மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. மறுஆய்வில் ஓட்டைகள் இருப்பது முன்பே எல்லோரும் அறிந்ததுதான். அதை மெய்ப்பிக்க, ஊதியமின்றி உழைப்பவர்களும் அடங்கிய ஒரு குழுவின் நேரத்தை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

எக்ஸ்இசட் நிகழ்வு இன்னும் கடுமையானது. தரவைச் சுருக்கும் அந்த நிரல்தொகுப்பை நெடுங்காலம் ஒருவரே பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பயனுள்ள பேட்ச்களை அனுப்பி, மெல்ல நம்பிக்கை பெற்று, தாமே வெளியீடுகளைச் செய்யும் நிலைக்கு உயர்ந்தார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ஒரு கள்ளவழி ஒளிந்திருந்தது. அதன் உடல் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் களஞ்சியத்தில் இருந்தது. அதை எழுப்பும் சிறு பகுதியோ பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், பதிவிறக்கத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து, விடாமல் துருவி, 2024 மார்ச் 29 அன்று அதைப் பொதுவில் அறிவித்தார். பேட்ச்சை மட்டும் படித்தால் போதாது, வெளியிடப்படும் தொகுப்பு அந்த மூலநிரலிலிருந்தே உருவானதா என்பதையும் யாரேனும் சரிபார்க்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு பரவலாக உணரப்பட்டது.

ஓட்டையைச் சொல்லும் முறை

இப்போது பாதுகாப்புப் புகாருக்கு வருவோம். 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் இதை விளக்க ஏற்றது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய, ஒரு கணினி ஓப்பன்எஸ்எஸ்எல் இயங்கும் மற்றொரு கணினிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, அதையே திருப்பி அனுப்பும்படி கேட்கும். செய்தியின் நீளத்தையும் சொல்லும். அந்த நீளம் உண்மைதானா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஓரிரு எழுத்துகளை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், தன் நினைவகத்தில் அடுத்திருந்த 64 கிலோபைட் வரையான தரவையும் சேர்த்து அது அனுப்பிவிடும். அதில் கடவுச்சொற்களும் மறைச்சாவிகளும் இருக்கலாம். திருத்தமோ மிக எளியது: நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகள்.

சிக்கல் அந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. ஓட்டையை மிகத் தெளிவாக விளக்கும் ஆவணம் அதன் பேட்ச்தான். எந்தச் சோதனை புதிதாகச் சேர்க்கப்பட்டது என்று பார்த்தால், இதுவரை எந்தச் சோதனை இல்லாமல் இருந்தது என்று தாக்குபவருக்கும் தெரிந்துவிடும். பேட்ச் பொதுவில் வந்த நொடிக்கும், உலகிலுள்ள சேவையகங்களில் அது நிறுவப்படும் நேரத்துக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. வழக்கமான மறுஆய்வு போல ஐந்து பதிப்புகள் பொதுவில் விவாதிக்கப்பட்டால், அந்த இடைவெளி வாரக்கணக்கில் நீளும். இதனால்தான் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் முதலில் மறைவில் உருவாகிறது. புகாரைப் பொது வழுப்பட்டியலில் எழுதாதீர்கள், இந்தத் தனி முகவரிக்கு அனுப்புங்கள் என்று திட்டங்கள் கேட்பதும் இதனால்தான்.

ஆனால் மறைவு நீடிக்க நீடிக்க ஆபத்தும் வளர்கிறது. ஹார்ட்பிளீட்டைக் கூகுளின் நீல் மேத்தாவும், ஃபின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் ஒருவரையொருவர் அறியாமல் சில நாட்கள் இடைவெளியில் கண்டுபிடித்தார்கள். ஈராண்டுகளுக்கு மேல் நிரலில் கிடந்த ஒன்றை இரு குழுக்கள் ஒரே நேரத்தில் காண முடியுமென்றால், மூன்றாவதாக ஒரு தீயவரும் கண்டிருக்கலாம் என்றுதான் எண்ண வேண்டும். இரண்டாவது தகவலும் வந்து சேர்ந்தவுடன் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு வெளியீட்டை முன்னுக்கு நகர்த்தியது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற நுண்செயலி (புராசசர்) ஓட்டைகளின் கதையும் இதைச் சொல்கிறது. 2017 ஜூனில் இன்டெல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டவை 2018 ஜனவரி 9 அன்று வெளியாக இருந்தன. இடையில் கெர்னலின் நினைவகப் பக்க அட்டவணைகளைப் பிரிக்கும் பெரிய பேட்ச் தொடர் ஒன்று பொதுவில் வந்து, வழக்கத்துக்கு மாறான வேகத்தில் ஏற்கப்பட்டது. கவனித்தவர்கள் காரணத்தை ஊகிக்கத் தொடங்கியதால், ஜனவரி 3 அன்றே அறிவிக்க வேண்டியதாயிற்று. வன்பொருள் ஓட்டைகளைக் கையாள்வதற்கென்றே தனி விதிமுறையைக் கெர்னல் திட்டம் பின்னர் எழுதிக்கொண்டது.

கெர்னலின் பாதுகாப்புக் குழு இந்த மறைவை மிகக் குறுகிய கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. புகார் வந்ததும் உரிய பகுதியின் பராமரிப்பாளரை உள்ளே அழைத்து, முதலில் திருத்தத்தை உருவாக்குகிறார்கள். திருத்தம் உறுதியான பிறகு, அதை நிறுவுபவர்கள் ஆயத்தமாவதற்காக அதிகம் போனால் 7 நாட்கள். மிக அரிதான நேர்வுகளில் 14 நாட்கள். நிறுவனத்தின் விளம்பர நாள், மாநாட்டில் பேசவிருக்கும் தேதி போன்றவை தாமதத்துக்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. இரகசிய ஒப்பந்தங்களில் அக்குழு கையெழுத்திடுவதும் இல்லை. டெபியன், ரெட் ஹேட் போன்ற வழங்கல்களுக்கு முன்கூட்டித் தகவல் சொல்வதற்கென்று தனி மூடிய மின்னஞ்சல் குழு ஒன்று இருக்கிறது. அங்கும் எந்தச் செய்தியையும் 14 நாட்களுக்கு மேல் மறைத்து வைக்க விதி இடம் தருவதில்லை.

கர்ல் திட்டத்தின் வழி சற்று வேறானது. என் பார்வையில் கற்றுக்கொள்வதற்கு மிக ஏற்றதும் அதுவே. டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் நடத்திவரும் இத்திட்டம், புகாரின் கடுமையை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. கீழிரண்டு படிகளுக்கு, பாதுகாப்பைப் பற்றி எதுவும் குறிப்பிடாமல் வழக்கமான புல் ரிக்வெஸ்ட்டாகவே திருத்தத்தைச் சேர்த்துவிடலாம். மேலிரண்டு படிகளுக்கு, வெளியீட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்புவரை திருத்தம் பொதுக் களஞ்சியத்தைத் தொடக் கூடாது. 2023 அக்டோபரில் இது நடைமுறையில் தெரிந்தது. சாக்ஸ்5 பதிலி (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் சேவையகம்) வழியாக இணையும்போது 255 பைட்டுக்கு மேற்பட்ட கணினிப் பெயருக்கான முகவரியைக் கர்ல் தானே கண்டறிய வேண்டும். ஒரு குறிப்பிட்ட சூழலில் அவ்வாறு செய்யாமல், அந்த நீண்ட பெயரைச் சிறிய நினைவகப் பகுதிக்குள் எழுதிவிட்டது. கடுமையான ஓட்டை இருக்கிறது, 11ஆம் தேதி 8.4.0 வெளியீட்டில் திருத்தம் வரும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே அறிவித்தார்கள். எங்கே, எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை. உலகெங்குமுள்ள நிர்வாகிகள் அந்த நாளில் தயாராக உட்கார்ந்திருக்க முடிந்தது. அன்று வெளியான குறிப்பில், எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை பாதிப்பு, எந்த மாற்றத்தால் அது நுழைந்தது, மேம்படுத்த இயலாதவர்கள் என்ன செய்யலாம் என்பதெல்லாம் இருந்தன. ஓட்டையைத் தாமே எழுதி உள்ளே விட்ட விதத்தையும் ஸ்டென்பெர்க் விரிவாக எழுதினார். இத்தகைய ஒளிவின்மைதான் முன்பு கேட்ட சில நாள் மறைவை நியாயப்படுத்துகிறது.

இவ்வாறு அறிவிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டைக்கும் சி.வி.இ. என்ற பொது எண் தரப்படும். 1999இல் மைட்டர் என்ற அமெரிக்க அமைப்பு தொடங்கிய முறை இது. ஹார்ட்பிளீட்டின் எண் சி.வி.இ-2014-0160. ஒரே ஓட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள் என்பதை உறுதிப்படுத்துவதே அதன் வேலை. எண் இருப்பதனாலேயே ஓட்டை பெரியது என்று ஆகிவிடாது. 2024 பிப்ரவரி முதல் கெர்னல் திட்டம் தன் எண்களைத் தானே வழங்குகிறது. திருத்தம் நிலைத்த வெளியீட்டில் சேர்ந்த பிறகே எண் தரப்படும். கெர்னலின் ஆழத்தில் ஏறக்குறைய எந்த வழுவும் பாதுகாப்பைத் தொடக்கூடும் என்ற கருத்தில் தாராளமாகவே வழங்குவதால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான எண்கள் வருகின்றன. இதனால் நிர்வாகிகளின் சுமை கூடுகிறது என்ற குறை நியாயமானதே. ஆயினும், சிலவற்றை மட்டும் பொறுக்கித் திருத்துவதைவிட நிலைத்த வெளியீட்டை முழுமையாக ஏற்பதே பாதுகாப்பு என்று கெர்னல் குழு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

அண்மை ஆண்டுகளில் புகார்களின் பெருக்கமே ஒரு சிக்கலாகிவிட்டது. கர்ல் 2019 முதல் உண்மையான ஓட்டைகளைக் கண்டவர்களுக்குப் பணப்பரிசு கொடுத்துவந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கிய, இல்லாத சார்பைச் சுட்டும், ஓட்டிக்கூடப் பார்க்கப்படாத புகார்கள் குவியத் தொடங்கின. ஒவ்வொன்றையும் பாதுகாப்புக் குழுவினர் பலர் படித்து மறுக்க வேண்டியிருந்தது. 2026 ஜனவரியோடு பணப்பரிசு நிறுத்தப்பட்டது. பொதுவில் வரும் வெற்றுப் பேட்ச்சை எவரேனும் பார்த்து ஒதுக்கிவிடலாம். மறைவில் வரும் வெற்றுப் புகாரையோ உள்ளேயுள்ள சிலர் மட்டுமே சுமக்க வேண்டும், அவர்கள் அதை அலட்சியப்படுத்தவும் முடியாது.

ஆகவே ஓட்டையொன்றைக் கண்டுவிட்டதாக நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அண்மைப் பதிப்பிலும் அது இருக்கிறதா என்று தம் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது. பிறர் நடத்தும் சேவையகத்தில் சோதிப்பது தவறு, சட்டப்படியும் குற்றமாகலாம். பிறகு, களஞ்சியத்தில் செக்யூரிட்டி என்ற பெயருடைய கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையதளங்களுக்கு இதே நோக்கில் ஆர்.எஃப்.சி. 9116 என்ற தரம் 2022இல் வந்தது. புகாரில் பாதிக்கப்படும் பதிப்பு, அமைப்பு, மறுபடியும் நிகழ்த்திக் காட்டும் மிகச் சிறிய நிரல், தாக்குபவருக்கு முன்கூட்டியே என்னென்ன கைவசம் இருக்க வேண்டும் என்பவை இருந்தால் போதும். அச்சமூட்டும் சொற்கள் எதையும் விரைவுபடுத்துவதில்லை. கணினியின் நிர்வாகி உரிமை உள்ளவரே செய்யக்கூடிய ‘தாக்குதல்’ பெரும்பாலும் ஓட்டையாகக் கொள்ளப்படாது; அது வழக்கமான வழுப்பட்டியலுக்கே போகும், அங்கே திருத்தப் பேட்ச்சோடு போனால் இன்னும் நல்லது. திட்டத்திடமிருந்து விடையே வராவிட்டால், புகார் செய்பவருக்கும் திட்டத்துக்கும் இடையே நின்று உதவும் ஒருங்கிணைப்பு அமைப்புகளை நாடலாம். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அப்பணியைச் செய்கிறது. ஓட்டைகளைத் தேடிக் கண்டறியும் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு திருத்துவதற்கு 90 நாட்களும், அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 45 நாட்களும் தருகின்றன. எத்தனை நாட்கள் காத்திருப்போம் என்பதை முதல் மடலிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.